இன்சூரன்ஸ் போடாத பார்சல் தொலைந்தால்

“இன்சூரன்ஸ் போட்டிருந்தீங்களா சார்?” பார்சல் வந்து சேரவில்லை என்று கூரியர் அலுவலகத்துக்குப் போகிறவரிடம் முதலில் கேட்பது இதைத்தான். “இல்லீங்களே” என்றால், “அப்போ நூறு ரூபாதான் சார் வரும், ஸ்லிப் பின்னாடியே போட்டிருக்கு பாருங்க” என்று பதில் வரும். பெரும்பாலோர் அதோடு வீடு திரும்பிவிடுகிறார்கள். இந்த அத்தியாயம், திரும்பாமல் நிற்க நினைப்பவர்களுக்காக.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இன்சூரன்ஸ் என்பது தனி ஒப்பந்தம். பொருள் தொலைந்தால் யார் தவறு என்று பார்க்காமல் பணம் தருவதற்காக அதற்குப் பிரீமியம் கட்டுகிறோம். கூரியர் நிறுவனத்தின் பொறுப்பு அதிலிருந்து பிறப்பதில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு இன்ன முகவரியில் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டார்கள், சேர்க்கவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இதைத்தான் சேவைக் குறைபாடு என்கிறது. எனவே இன்சூரன்ஸ் இல்லாததால் வழக்கு இல்லாமல் போவதில்லை. எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதில்தான் வித்தியாசம்.

அந்த வித்தியாசம் சின்னதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரசீதின் பின்பக்கம் இருக்கும் ‘எங்கள் பொறுப்பு இவ்வளவுதான்’ என்ற வரி வெறும் மிரட்டல் இல்லை. பாரதி நிட்டிங் கம்பெனி என்ற பின்னலாடை நிறுவனம் 1990-ல் ஜெர்மனிக்கு டி.எச்.எல். மூலம் ஆவணங்கள் அனுப்பியது. அவை போய்ச் சேரவில்லை. நகல்கள் அனுப்பப்பட்டபோது அங்கே விற்பனைப் பருவம் முடிந்திருந்தது. வாங்குபவர் விலையைக் குறைத்துவிட்டார். மாநில ஆணையம் 4 லட்சம் ரூபாய்க்கு மேல் தரச் சொன்னது. தேசிய ஆணையம் அதை ரசீதில் அச்சிட்டிருந்த 100 டாலராகக் குறைத்தது. 1996-ல் உச்ச நீதிமன்றமும், கையெழுத்திட்ட ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்று சொல்லி அதையே உறுதி செய்தது. கூரியர் நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் இன்றைக்கும் முதல் வரியில் காட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

ஆனால் அந்த வழக்கின் உயிர்நாடி கையெழுத்து. அனுப்பியவர் அந்தத் தாளில் ஒப்பமிட்டிருந்தார். ஆகவே உங்கள் ரசீதை எடுத்து முதலில் பார்க்க வேண்டியது, அதில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா என்பது. இப்போது பல கவுன்டர்களில் ஒரு சின்ன பிரிண்ட் ஸ்லிப்பைக் கிழித்துக் கையில் கொடுப்பதோடு சரி. யாரும் கையெழுத்து கேட்பதில்லை, பின்பக்கத்தைப் படித்துக் காட்டுவதும் இல்லை. கையெழுத்தும் இல்லாமல், அறிவிக்கப்படவும் இல்லாமல், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில் இருந்த நிபந்தனை நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது என்று நுகர்வோர் ஆணையங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. நீங்கள் ஆணையத்தில் நிற்கப்போவது இந்த இடத்தில்தான். செல்போன் செயலியில் ‘நிபந்தனைகளை ஏற்கிறேன்’ என்ற கட்டத்தைத் தட்டி புக் செய்திருந்தால் உங்கள் நிலை சற்றுப் பலவீனம். கையெழுத்துப் போட்டிருந்தால் இன்னும் பலவீனம். அப்போது பேரம் பேசித் தீர்ப்பதிலேயே அதிக அக்கறை காட்டுங்கள்.

யார் கையில் கொடுத்தீர்கள்?

பார்சலைச் சுமந்தவர் யார் என்பதைப் பொறுத்துப் போகும் வழியே மாறும்.

அஞ்சல் துறை என்றால் வழி குறுகல். 1898-ன் சட்டமும் அதற்குப் பதிலாக 2024 ஜூன் 18 முதல் நடப்புக்கு வந்த அஞ்சல் சட்டம் 2023-ம், துறை தானே ஏற்றுக்கொண்ட பொறுப்புக்கு மேல் எதுவும் இல்லை என்றே சொல்கின்றன. ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் கட்டணத்தின் இருமடங்கு அல்லது 1,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது என்பது பல வருடங்களாக இருந்துவரும் விதி. ஊழியரே வேண்டுமென்று செய்தார், மோசடி செய்தார் என்று காட்ட முடிந்தால் மட்டும் அந்த ஊழியர் மீது பேச இடம் உண்டு. விலையுள்ள பொருளை அஞ்சலில் அனுப்பினால் இன்சூர் செய்துதான் அனுப்ப வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ரயில் பார்சல் என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகாதீர்கள். அதற்கு ரயில்வே உரிமைக் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது, சென்னையில் அதன் அமர்வு உண்டு. பொருளை ஒப்படைத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் ரயில்வேக்கு எழுத்து மூலம் கோரிக்கை போயிருக்க வேண்டும். மதிப்பை அறிவிக்காமல், அதற்கான சதவீதக் கட்டணம் கட்டாமல் அனுப்பியிருந்தால் சாதாரணச் சரக்குக்குக் கிலோவுக்கு 50 ரூபாய்தான் உச்சவரம்பு. மோட்டார் சைக்கிளை ரயிலில் ஏற்றி அனுப்புகிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

இனி தனியார் கூரியர், பார்சல் சர்வீஸ், லாரி ஆபீஸ். இவர்களுக்கென்று தனிச் சட்டம் இருப்பது பலருக்குத் தெரியாது. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007. வீட்டுக்கு வீடு கொண்டுசேர்க்கும் கூரியர் ஏஜென்சிகளும் இதன் வரையறைக்குள் வருகின்றன. இந்தச் சட்டத்தில் உங்களுக்குச் சாதகமான ஒரு விதி: பொருள் தொலைந்தது கவனக்குறைவால்தான் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. சேரவில்லை என்று காட்டினால் போதும். இரண்டுபக்கமும் வெட்டும் ஒரு விதி: கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டாதபோது பொறுப்பு, கட்டணத்தின் பத்து மடங்கோடு நின்றுவிடும். கோவையிலிருந்து சென்னையில் இருக்கும் தம்பிக்கு 380 ரூபாய் கட்டி ஒரு லேப்டாப் அனுப்பினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘நூறு ரூபாய்தான்’ என்பவரிடம், சட்டம் சொல்லும் கணக்கே 3,800 வருகிறதே என்று நீங்கள் சொல்லலாம். அவரும் ஆணையத்தில் அதே 3,800-ஐ உச்சவரம்பு என்று காட்டுவார். நிறுவனத்தின் ஊழியரோ ஏஜென்ட்டோ செய்த குற்றச் செயலால் தொலைந்திருந்தால் இந்த வரம்பைத் தாண்டிக் கேட்க இடம் உண்டு. இதற்காகத்தான் போலீஸ் புகார் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மூன்றாவது விதி ஆளைக் கவிழ்க்கும் விதி. புக் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் இழப்பை அறிவித்திருக்க வேண்டும். இல்லையென்றால் வழக்கே போட முடியாது. தொலைந்தது தெரிந்த தேதியிலிருந்து அல்ல, புக் செய்த தேதியிலிருந்து. ‘தேடிக்கிட்டிருக்கோம் மேடம், அடுத்த வாரம் சொல்றோம்’ என்று இழுத்தடிக்கும் நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வாரத்துக் காகிதங்கள்

டிராக்கிங் பக்கத்தை அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாள் கழித்து அந்த எண்ணைத் தட்டினால் ‘விவரம் இல்லை’ என்று வருவது சகஜம். எந்த ஊர் ஹப் வரை வந்தது, எந்தத் தேதியோடு நின்றது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் படம்தான்.

வாடிக்கையாளர் சேவை எண்ணில் எத்தனை மணிநேரம் பேசினாலும் அது காகிதம் ஆகாது. பேசி முடித்த கையோடு, ‘இன்று உங்கள் சேவை மையத்தில் பேசியதில் இன்ன பதில் தந்தார்கள், புகார் எண் இது’ என்று ஒரு மின்னஞ்சல் தட்டுங்கள். அவர்கள் மறுப்பு எழுதாவிட்டால் அதுவே ஆவணம்.

சேரவே சேராத பார்சலுக்கு டிராக்கிங்கில் ‘டெலிவர்டு’ என்று காட்டுவதும் உண்டு. அப்போது பி.ஓ.டி., அதாவது வாங்கியவர் கையெழுத்திட்ட தாளின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். யாரோ கிறுக்கிய கையெழுத்தோ, ‘செக்யூரிட்டியிடம் தந்தேன்’ என்ற குறிப்போ வந்தால் அது உங்களுக்குத்தான் உதவி. அபார்ட்மென்ட் கேட்டில் கேமரா இருந்தால் அந்த நாள் பதிவை உடனே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும்.

திருட்டு என்று சந்தேகம் இருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். எப்.ஐ.ஆர். போட மறுத்தாலும் சி.எஸ்.ஆர். கையில் இருப்பது வழக்குக்கு உதவும். தொலைந்தது செல்போன் என்றால் அந்தப் புகாரை வைத்து மத்திய அரசின் சி.ஈ.ஐ.ஆர். தளத்தில் ஐ.எம்.ஈ.ஐ. எண்ணை முடக்கலாம். பின்னால் யாராவது அதில் சிம் போட்டால் தடயம் கிடைக்கும்.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது மதிப்பு. பார்சலுக்குள் என்ன இருந்தது, அதன் விலை என்ன என்று நிறுவனத்துக்குத் தெரியாது. தெரியாது என்றே வாதிடுவார்கள். பொருள் வாங்கிய பில், வங்கிக் கணக்கில் பணம் போன வரி, பேக் செய்யும்போது எடுத்த படம், ‘லேப்டாப் அனுப்பிட்டேன்டா, ஸ்லிப் இதோ’ என்று தம்பிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, புக்கிங் எடை, இவையெல்லாம் சேர்ந்துதான் மதிப்பை நிறுவும். எடையை அலட்சியப்படுத்தாதீர்கள். ரசீதில் 2.4 கிலோ என்று இருந்து, உங்கள் லேப்டாப்பும் சார்ஜரும் அட்டைப்பெட்டியும் சேர்ந்து அதே எடை வருமானால், அதைவிடச் சுத்தமான சாட்சி வேறில்லை.

கவுன்டரில் கேள்வி வராமலிருக்க ‘டாகுமென்ட்ஸ்’ என்றோ ‘மதிப்பு 500’ என்றோ எழுதிக்கொடுத்திருந்தால் அதைத் தாண்டி வருவது கடினம். எழுதியது நீங்கள்தானே என்பார்கள். கூரியர்கள் ஏற்கவே ஏற்காத பணம், நகை போன்றவற்றைச் சொல்லாமல் அனுப்பித் தொலைத்தவர்களுக்கு நான் தரும் யோசனை, வக்கீலைப் பார்த்துவிட்டு மேலே நகருங்கள் என்பதே.

நோட்டீஸ்

வக்கீல் நோட்டீஸ்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. நீங்களே தமிழில் எழுதலாம். புக் செய்த கிளைக்கு ஒன்று, தலைமை அலுவலகத்துக்கு ஒன்று. கிளை பெரும்பாலும் பிரான்சைஸ் எடுத்து நடத்துபவருடையது. ஒருவர் மற்றவரைக் கைகாட்ட வாய்ப்புத் தராதீர்கள். இந்த நோட்டீஸைக் கூரியரில் அனுப்பாமல், அஞ்சலகத்தில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். போய்ச் சேர்ந்தது என்பதற்கு அந்த அட்டையைப் போல வேறு ஆதாரம் இல்லை. வாசகம் இப்படி இருந்தால் போதும்:

‘இன்ன தேதியில் உங்கள் இன்ன கிளையில், இன்ன எண் ரசீதின்படி, ரூ.380 கட்டணம் செலுத்தி, பயன்படுத்திய லேப்டாப் ஒன்றைச் சென்னை முகவரிக்கு அனுப்பினேன். இன்றுவரை அது சேரவில்லை. இன்ன தேதிகளில் புகார் செய்தும் சரியான பதில் இல்லை. இந்தக் கடிதத்தைச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007, பிரிவு 16-ன் கீழ் இழப்பு அறிவிப்பாக எடுத்துக்கொள்ளவும். பொருளின் மதிப்பும் கட்டணமும் சேர்த்து ரூ.30,380-ஐ 15 நாளுக்குள் தரவும். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.’

கோபத்தைக் கொட்ட இது இடமில்லை. நாளை நீதிபதி படிக்கப்போகும் தாள் இது.

இந்த நோட்டீஸுக்குப் பிறகு ஒரு காசோலையும் ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற படிவமும் வரக்கூடும். தொகை உங்களுக்குத் திருப்தியாக இருந்தால் ஒழிய அந்தப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். நூறு ரூபாய்க்கு அப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வழக்குக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கே போவது?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அவர்கள் உத்தரவு போட முடியாது. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். பெரிய நிறுவனங்கள் பல இதற்கே பணிந்து வருவதுண்டு, செலவும் இல்லை. ஆகவே நோட்டீஸ் கெடு முடிந்ததும் இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்தது பலர் எண்ணிப் பார்க்காத வாசல்: நிரந்தர மக்கள் நீதிமன்றம். அவ்வப்போது சனிக்கிழமைகளில் கூடும் லோக் அதாலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கீழ் இயங்குவது. சரக்குப் போக்குவரத்தும் அஞ்சலும் அதன் பொதுப் பயன்பாட்டுச் சேவைப் பட்டியலில் உண்டு. நீதிமன்றக் கட்டணம் கிடையாது. முதலில் சமரசம் பேசுவார்கள், ஒத்துவராவிட்டால் அவர்களே தீர்ப்பும் சொல்லலாம். ஆனால் அங்கே மனுப் போட்டபின் அதே விஷயத்துக்கு வேறு நீதிமன்றம் போக முடியாது. தீர்ப்பின் மீது மேல்முறையீடும் இல்லை. தொகை சிறியது, சீக்கிரம் முடிந்தால் போதும் என்பவர்களுக்கு இதுவே நல்ல வழி என்பேன்.

விரிவாகச் சொல்ல வேண்டியது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ன் சட்டம் இரண்டு பெரிய தடைகளை எடுத்துவிட்டது. ஒன்று, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் போடலாம். ரசீதில் ‘மும்பை நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மிரள வேண்டாம். இது சட்டம் நேராக உங்களுக்குத் தந்த உரிமை. இரண்டு, கட்டணமும் வரம்பும் நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, சேவைக்குக் கொடுத்த தொகையை வைத்துக் கணக்கிடப்படுகின்றன. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. உங்கள் விஷயத்தில் கொடுத்த தொகை 380 ரூபாய். காலக்கெடு 2 ஆண்டு, ஆனால் மேலே சொன்ன 180 நாள் நோட்டீஸ் அதற்கு முன்பே போயிருக்க வேண்டும்.

இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவே புகார் பதியலாம். நேரில் போனால் ஆணையத்துக்கும் ஒவ்வொரு எதிர்தரப்பினருக்கும் தனித்தனிப் படிகள் வேண்டும். புகார், அதற்கான உறுதிமொழிப் பத்திரம், வரிசை எண் இட்ட ஆவணங்கள். ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் போன்றவற்றுக்குப் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழையும் சேர்த்துவிட்டால் பின்னால் ஆட்சேபம் வராது. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை.

அனுப்பியது தம்பிக்கு என்பதால் யார் வழக்குப் போடுவது என்ற கேள்வி வரும். பணம் கட்டியவர் போடுவது எளிது. உங்கள் சம்மதத்தோடு சேவையின் பயனைப் பெறுபவர் என்ற முறையில் தம்பியும் போடலாம். தொழிலுக்காக அனுப்பியிருந்தால் ‘நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்ற ஆட்சேபம் நிச்சயம் வரும். சின்னாளப்பட்டியில் வீட்டிலிருந்தபடி சுங்குடிச் சேலைகளை இன்ஸ்டாகிராமில் விற்று அனுப்பும் பெண்ணுக்குச் சட்டமே விலக்குத் தந்திருக்கிறது: சொந்த வாழ்வாதாரத்துக்காகச் சுயதொழில் செய்பவர் நுகர்வோர்தான். ஆனால் அந்த வார்த்தைகள் புகாரிலேயே இருக்க வேண்டும், வாதத்தின்போது சொன்னால் எடுபடாது.

புகாரில் ‘ஒப்பந்தமே நியாயமற்றது, அதைச் செல்லாது என்று அறிவிக்க வேண்டும்’ என்று கேட்டுவிடாதீர்கள். நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகார் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டியது. ‘அந்த நிபந்தனை எனக்குத் தெரிவிக்கப்படவில்லை, நான் கையெழுத்திடவில்லை, எனவே அதை நான் ஏற்கவில்லை’ என்று சொல்லுங்கள். ஏறக்குறைய ஒரே விஷயம்தான், ஆனால் இப்படிச் சொன்னால் மாவட்ட ஆணையத்திலேயே நிற்கும்.

எவ்வளவு கேட்பது? 2023-ல் 42,000-க்கு வாங்கிய லேப்டாப்புக்கு இன்று 42,000 கேட்டால் தேய்மானம் எங்கே என்பார்கள். 30,000 என்று நீங்களே குறைத்துக் கேட்பது நம்பகத்தைக் கூட்டும். கட்டணம் 380, அதற்கு வட்டி, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு. மன உளைச்சலுக்கு 5 லட்சம் என்று எழுதுவதால் ஒரு ரூபாயும் கூடாது. படிப்பவரின் முகம்தான் சுளிக்கும்.

நோட்டீஸ் கிடைத்த எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், ஆணையம் மேலும் 15 நாள் தரலாம். அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்த்துவிட்டது. தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, 46-ஆம் நாள் பதில் வந்தால் ஆட்சேபியுங்கள். சட்டம் 3 மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. நடைமுறையில் ஓராண்டைத் தாண்டுவது சாதாரணம். வாய்தாவுக்கு வராமல் இருந்தால் புகார் தள்ளுபடியாகிவிடும், எனவே காணொலி வழி ஆஜராக முடியுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இடையில் சமரச மையத்துக்கு அனுப்பினால் போங்கள். பொருளின் இன்றைய விலையை ஒட்டி ஒரு தொகை வருமானால் வாங்கிக்கொண்டு முடிப்பதே புத்திசாலித்தனம். மேலே சொன்ன 1996 தீர்ப்பு எப்போதும் உங்கள் தலைக்குமேல் இருக்கிறது.

தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் சான்றிட்ட நகல் வாங்கி, நிறுவனத்துக்கு வங்கிக் கணக்கு விவரத்தோடு ஒரு கடிதம் அனுப்புங்கள். மேல்முறையீட்டுக்கு அவர்களுக்கு 45 நாள் உண்டு. அதற்கு உத்தரவுத் தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும் என்பதால், சின்னத் தொகைக்கு மேலே போகலாமா என்று யோசிப்பார்கள். அந்தக் கெடுவும் முடிந்து பணம் வரவில்லையென்றால் அதே ஆணையத்தில் 71-ஆம் பிரிவின் கீழ் நிறைவேற்று மனு. கூடவே 72-ஆம் பிரிவிலும் ஒரு மனு: உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, அல்லது 25,000-க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். கிளை நடத்துபவரின் பெயர் புகாரிலேயே எதிர்தரப்பாக இருந்தால், இந்த இரண்டாவது மனுவின் சம்மன் போனதும் பெரும்பாலும் அவரே போனில் கூப்பிட்டுக் கணக்கு எண்ணைக் கேட்பார்.